வெளிப்பக்கம் வைத்த கொண்டி

அப்பாவை ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்ட அன்றுதான் புது கேட் போட்டே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, மணிமுத்தாறு பஸ் எப்போது வரும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஆட்டோக்காரர் எங்கள் தெருமுனையில் வண்டி போடுகிறவர். அதனால் அடையாளம் தெரிந்து ஏற்றி வந்துவிட்டார்.

"ஐயா அணைக்கட்டுப் பக்கம் நெலம் அளக்கப் போகணும்ங்காக டீச்சர். ஆபீஸ் வண்டி அனுப்பிருக்காகன்னு பொய் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அவர்.

அப்பா பைய இறங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, "டிரிப் சீட்டுல கையெழுத்துப் போடணுமா?" என்று அவரிடம் கேட்டார். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் ஆற்றின் இரண்டு பக்கமும் அவர் சங்கிலி பிடித்து அளக்காத வயல் குறைவு. இரண்டு வருடமாக மறதி. முதலில் சாவியை மறந்தார், பிறகு பேரன்களின் பெயரை, கடைசியில் தான் ஓய்வு பெற்றுவிட்டதையே மறந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் சரிப்பட்டு வராமல் திரும்பி வந்து அப்பா அம்மாவோடு இருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனால் வீட்டில் அம்மா மட்டும்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அப்பா வேகமாக நாலு எட்டு வைத்தால் அவளால் பின்னால் போக முடியாது. எங்கள் வீட்டிலிருந்து முப்பது தப்படியில் மெயின் ரோடு. அதில் பஸ்ஸும் லாரியும் எந்த நேரமும் ஓய்வதில்லை.

இருந்த கேட் இடுப்பளவு உயரம். கன்றுக்குட்டி முட்டினால்கூடத் திறந்துகொள்ளும். டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ரோடு கண்ணில் படாமல் இருந்தால் வெளியே போகிற நினைப்பு குறையும். தாழ்ப்பாள் வழக்கமான இடத்தில் இல்லாமல் இருந்தால் அவருக்குத் திறக்கத் தெரியாது. இவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஆளுயரத்துக்குத் தகரம் அடைத்த ஒரு கேட், அப்பா தேடாத இடத்தில் ஒரு கொண்டி. பத்து நாளில் முடிகிற வேலை என்று நினைத்தேன். இரண்டரை மாதம் இழுத்தது.

முதல் முட்டுக்கட்டை அம்மா. "அப்பாவுக்குப் புத்தி தடுமாறிட்டுன்னு வெளிய மூச்சு விடாத" என்றாள். "ஆட்டோக்காரருக்கே தெரியும்மா." "அவன் ஒருத்தனோட போட்டும். கேட்டு போடுதவன் நாலு தெருவுக்குப் போறவன். சர்வேயர் ஐயாவக் கூண்டுல அடைக்காகன்னு ஊரெல்லாம் சொல்லுவான்." ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று கேட்டேன். அம்மா அழ ஆரம்பித்தாள். அழுதால் நான் தோற்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். சரி, திருட்டு பயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டேன். நான் செய்த மடத்தனத்திலேயே பெரியது அதுதான். அப்போது அது தெரியவில்லை.

அடுத்தது தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "ரிமோட்டுல திறக்குற கேட் போடுக்கா. நான் இங்க இருந்தே போன்ல திறந்து மூடலாம்" என்றான். கரண்டு போனால் என்ன செய்ய என்று கேட்டேன். "பேட்டரி இருக்கும்." பேட்டரியும் போனால்? "ஏன்க்கா எல்லாத்துக்கும் எதிரா பேசுத?" என்று கோபித்துக்கொண்டான். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் கேட்டைத் திறந்து மூட முடிந்தவனுக்கு, இங்கே வந்து அப்பாவோடு ஒரு வாரம் இருக்க மட்டும் முடியவில்லை. அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பட்டறைகளுக்குப் போனேன். முதல் பட்டறையில் மயில், தாமரை, பாய்கிற குதிரை என்று போனில் படமாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம், வெறும் தகரம் போதும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுக்கு அழகே வாசல்தாம்மா. வெறுந்தகரம் போட்டா குடோன் மாதிரி இருக்கும்." இரண்டாவது பட்டறையில் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஆம்பளைக யாரும் வரலையா?" மூன்றாவது பட்டறைக்காரர் பரவாயில்லை. ஐம்பது வயதிருக்கும். என் சக டீச்சர் வீட்டுக்குக் கேட் போட்டவர். நான் நோட்டில் வரைந்து காட்டியதை வாங்கிப் பார்த்தார்.

கணக்கு டீச்சர் இல்லையா, கணக்குப் போட்டுத்தான் வரைந்திருந்தேன். கொண்டியை மேலே வைத்தால், அப்பா அம்மாவைவிட ஒரு முழம் உயரம். அவருக்கு எட்டும், அவளுக்கு எட்டாது. கீழே வைத்தால் அம்மாவுக்குக் குனிய முடியாது. பகலில் பூட்டுப் போட அம்மா சம்மதிக்கவில்லை, பகலில் பூட்டிக் கிடந்தால் ஆளில்லாத வீடு என்பார்களாம். அதனால் கொண்டியை வெளிப்பக்கம் வைக்க வேண்டும். உள்ளேயிருந்து திறக்க, தூணை ஒட்டிக் கை நுழைகிற அளவில் ஒரு ஓட்டை. அதன்மேல் தகர மூடி. மூடியைத் தள்ளிக் கையை வெளியே விட்டால்தான் கொண்டி எட்டும்.

"வெளிய கொண்டியா? திருட்டு பயம்னு சொல்லுதிய. திருடனுக்கு லேசாப் போயிருமே டீச்சர்" என்றார் பட்டறை அண்ணாச்சி.

"நான் சொன்னபடி செய்யுங்க அண்ணாச்சி."

"செஞ்சிருவோம். நாளைக்கு அளவெடுக்க வாரேன்."

அந்த நாளை வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. நான் போன் செய்தால், "இந்தா வண்டியில ஏறிட்டேன்" என்பார். பின்னால் பட்டறைச் சத்தம் கேட்கும். ஒரு நாள் அஷ்டமி என்றார். மறுநாள் நவமி. அதற்கடுத்து செவ்வாய்க்கிழமை, இரும்பு வேலை ஆகாது என்றார். கடைசியில் அவர் வந்தது நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில். விடாமல் அப்பாவோடு பேசியிருக்கிறார்.

அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் டேப்பை எடுத்ததும் அப்பா எழுந்து போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு தூண் லேசாகச் சாய்ந்திருக்கிறது, மேலே அளந்தது போதாது, கீழேயும் நடுவிலும் அளக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மூன்று இடத்திலும் மூன்று அளவு வந்திருக்கிறது. பட்டறைக்காரர் அசந்துபோய் ஒரு புது டேப்பையே அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த டேப் அப்பாவின் சட்டைப் பையைவிட்டு இறங்கவில்லை. சாயங்காலம் நான் வந்தபோது அப்பா மேஜையை அளந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அதைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோஷம்தான். ஏமாந்தேன் என்று பிறகு தெரிந்தது.

பிறகு ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில வாசல்ல கை வைக்கப்படாது டீச்சர்" என்றார் பட்டறைக்காரர். அம்மாவும் அவரோடு சேர்ந்துகொண்டாள். ஆடி முழுக்கப் பழைய கேட்டைக் கொடிக்கயிற்றால் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். போர்டில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது, தெருவில் ஒரு லாரி பிரேக் போட்டால் எனக்குக் கை நின்றுவிடும். இரண்டு முறை அப்பா முடிச்சை அவிழ்த்து வெளியே வந்துவிட்டார். இரண்டு முறையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அம்மா, "வாக்கிங் போறாக" என்று அவர்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை கேட் வந்து இறங்கியது. நல்ல நேரம் பத்தரைக்கு என்பதால் நான் இருக்க முடியவில்லை. பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வந்து பார்க்கிறேன், வெறும் தகரம் என்று சொல்லியிருந்த இடத்தில் நடுவே ஒரு சூரியன் கதிர் விரித்துக்கொண்டு உதித்திருக்கிறது. போகட்டும். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். போகட்டும். தூணோரம் ஓட்டையைத் தேடினேன். இல்லை. வெளியே கொண்டியைத் தேடினேன். இல்லை. கொண்டி உள்பக்கம் இருந்தது. அப்பாவின் இடுப்பு உயரத்தில், அவருடைய வலது கைக்குத் தோதாக, எண்ணெய் போட்டு வழவழவென்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து அதை இழுத்துத் திறந்து, மறுபடியும் மூடிக் காட்டினார்.

"எப்படி? சுண்டு விரலால திறக்கலாம்" என்றார்.

பட்டறைக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டே அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். "ஐயாதான் டீச்சர் சொன்னாக. வெளிய கொண்டி வச்சா திருடனுக்கு நாமளே கதவத் திறந்து விட்ட மாதிரின்னாக. சரியாத்தானே சொல்லுதாக? பெரியவுக பேச்ச மீறி நான் எப்படிச் செய்ய முடியும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. யாரிடமிருந்து வாசலைக் காக்க வேண்டுமோ அவரிடமே கேட்டுக் கொண்டி வைத்திருக்கிறார்கள். அதிலும் அப்பா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. திருட்டு பயத்துக்கு அதுதான் சரி. தப்பு எல்லாம் என் பொய்யில்தான் இருந்தது. எனக்குப் பட்டறைக்காரர்மேல் கோபம், என்மேல் கோபம், யாருக்கும் தெரியக் கூடாது என்று அழுத அம்மாமேல் கோபம். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கே போய், அவர் பற்றவைத்துக்கொண்டிருந்த இரும்பு மாடிப்படிக்குக் கீழே நின்று, உள்ளதை அவரிடம் சொன்னேன்.

அவர் பற்றவைப்பதை நிறுத்தினார். "ஐயாவுக்கா? அரை இஞ்சு பிசகலையே" என்றார். பிறகு, "மொதல்லயே சொல்லிருக்கலாம்லா டீச்சர். எங்க அம்மையும் கடைசியில இப்படித்தான் இருந்தா" என்றார். அன்று மத்தியானமே இரண்டு ஆட்களோடு வந்து, தகரத்தை அறுத்து ஓட்டை போட்டு, மூடி வைத்து, கொண்டியை வெளியே மாற்றிப் பற்றவைத்தார். அஷ்டமியா நவமியா என்று பார்க்கவில்லை. அதுவரைக்கும் நான் அப்பாவைப் பின்கட்டில் உட்காரவைத்து, சமையலறையின் நீள அகலத்தை அளந்து சொல்லச் சொன்னேன்.

கேட் வேலை செய்தது. அப்பா வருவார், கொண்டி இருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார், அங்கே பழைய பற்றவைப்பின் தழும்பு மட்டும் இருக்கும். சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். பள்ளிக்கூடத்தில் லாரிச் சத்தம் கேட்டாலும் போர்டில் என் கை நிற்காமல் எழுதியது. தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸையும் எடுக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வருகிறேன், கேட் விரியத் திறந்து கிடக்கிறது. வாசலில் கோலம், வாசற்படியில் விளக்கு. அம்மா கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். அப்பா இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் மகாலட்சுமி வருவாள், வாசல் அடைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் உள்ள வழக்கம். இனிமேல் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் விளக்கு ஏற்ற வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டியவள்தான்.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். மெயின் ரோட்டில் கூட்டம் ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. ரோட்டைத் தாண்டி எதிர்த் தெருவில் ஒரு புது வீட்டு வாசலில் அப்பா குனிந்து நின்று அந்த வீட்டுக் கேட்டை அளந்துகொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரர் பிடித்திருந்தார். அவருக்கு வேர்த்து ஊற்றியது.

"சார், பிளானுக்கு அனுமதி வாங்கித்தான் கட்டிருக்கேன்" என்றார் அவர்.

"அனுமதி இருக்கட்டும். வண்டி ஏத்துத சறுக்குமேடை ஒம்பது இஞ்சு தெருவுல ஏறி நிக்கி. இதுக்கு என்ன சொல்லுதீரு?" என்றார் அப்பா.

சிரிக்க வேண்டிய காட்சிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு வண்டிகளுக்கு நடுவே அவர் தன்னந்தனியாக அந்த ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறார். "ஐயா, ஆபீஸ்ல கூப்பிடுதாக" என்று நான் சொன்னதும் அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். வீட்டுக்காரர் என்னிடம் ரகசியமாக, "கொஞ்சம் பாத்துச் செய்யச் சொல்லுங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "ரெண்டரை மாசம் நாயா அலைஞ்சு கேட்டப் போட்டா, மகாலட்சுமிக்குத் திறந்து விடுதியா? லாரியில அடிபட்டுக் கெடந்தா மகாலட்சுமி வந்து தூக்குவாளா?"

அம்மா அசரவில்லை, அழவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"மகாலட்சுமிக்கா நான் தொறந்தேன்? ஏட்டி, நீ சாயந்தரம் வீட்டுல இருக்கியா? ஒனக்கு என்ன தெரியும்? தெனமும் அந்நேரம் கேட்டுக்கிட்ட போய் நிக்காக. இன்னைக்கு என்கிட்ட வந்து கையக் கட்டிக்கிட்டு நின்னாகட்டி. 'அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன், எதுக்கு என்னய அடைச்சு வச்சிருக்கிய? என் வீட்டுக்கு விடுங்க'ன்னு கேட்டாக. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் என்கிட்ட ஒண்ணையும் கெஞ்சிக் கேட்டதில்ல. நான் எப்படிட்டி தொறக்காம இருக்க?"

நான் போய்க் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். கோபம் மட்டும் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கேட்டில் ஒரு குறையும் இல்லை. நான் வரைந்தபடியே அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். இப்போது ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். அப்பா கேட்டருகே வந்ததும் மூடியைத் தள்ளி, கையை விட்டு, கொண்டியைத் திறக்கிறேன். அவர் முன்னால் போவார், நான் நாலு தப்படி பின்னால். மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பவிடாமல் உள்தெருக்களிலேயே சுற்றிக் கூட்டிவருவேன். காலையிலிருந்து நின்று பாடம் நடத்திய காலுக்கு இது கொடுமை. சில நாள் எரிச்சல் தாங்காமல் சீக்கிரம் நடங்கப்பா என்று அதட்டியும் இருக்கிறேன். அப்பா என்று நான் கூப்பிடுவது யாரை என்று தெரியாமல் அவர் சுற்றிலும் பார்ப்பார்.

நேற்று சுற்றி முடித்து எங்கள் வாசலுக்கு வந்தோம். கேட் சாத்தியிருந்தது. நான் திறக்கப் போனேன். அப்பா கையை நீட்டித் தடுத்தார். "சொல்லாமக் கொள்ளாம அடுத்தவுக வீட்டுக்குள்ள போகப்படாது" என்று சொல்லிவிட்டு, தகரத்தில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு காத்து நின்றார்.

அம்மா காலை இழுத்து இழுத்து வந்து சேர நேரமானது. கேட்டைத் திறந்ததும், "வாங்க, வாங்க. ஒங்க வீடுதான்" என்றாள்.

அப்பா உள்ளே கால் வைக்கவில்லை. என்னைக் கைகாட்டி அம்மாவிடம் சொன்னார். "இந்தம்மா பாவம், ரொம்ப தூரம் எனக்குத் துணைக்கு வந்தாக. களைச்சுப் போயிருக்காக. மொதல்ல அவுகளுக்கு ஒரு காப்பி குடுங்க."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்களும் வாங்கம்மா" என்றாள்.

உள்ளே போனேன். பின்னால் அம்மா கேட்டைச் சாத்திக் கொண்டி போடும் சத்தம் கேட்டது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

பாளையங்கோட்டைதான் என்றேன்.